கொத்தவரங்காயும் மீத்தேனும்

முதல்லயே சொல்லிடுறேன், இது அரசியல் பதிவு இல்லை. சொந்த ஊர் மன்னார்குடின்னு சொன்னாலே எதிர்ல இருக்கறவங்க முகத்துல ஒரு மாதிரி சிரிப்பு வரும். "ஓ... அந்த மன்னார்குடியா?" மதிலழகுக்குப் பேர் போன ஊருங்க எங்க ஊரு. ராஜகோபாலசாமி கோயில், கடல் மாதிரி ஹரித்ராநதி தெப்பக்குளம், பாமணி ஆறுன்னு இவ்வளவு இருந்தும் ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது வேற. போகட்டும். 2013-க்கு அப்புறம் அந்தச் சிரிப்போட இன்னொரு கேள்வியும் சேர்ந்துகிச்சு. "உங்க ஊர்லதானே மீத்தேன் எடுக்கறேன்னாங்க? என்னாச்சு அது?"

இந்தக் கேள்வி வந்தா நான் கொஞ்சம் நெளிவேன். காரணம் இருக்கு. அந்த சமயத்துல நான் பார்த்துகிட்டு இருந்த வேலை, ஓமன் பாலைவனத்துல பாறையை உடைச்சு எரிவாயு எடுக்கற வேலை. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில பம்ப் மெக்கானிக். 28 நாள் அங்க, 28 நாள் ஊர்ல. ஊர்ல சுவர் முழுக்க "மீத்தேன் திட்டத்தை விரட்டுவோம்"னு எழுதியிருக்கும். நான் அந்த சுவரை ஒட்டி பைக்குல போய் சம்பளப் பணத்தை ஏடிஎம்ல எடுத்துட்டு வருவேன். இதை ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டேன். இன்னிக்கு எழுதிடறேன்.

2013 ஜூலை. லீவுல வந்திருந்தேன். ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்திருக்கோம். கரண்ட் இல்லை (அந்த வருஷம் எப்ப இருந்துச்சு?). அப்பா விசிறிகிட்டே கேட்டார், "ஏம்ப்பா தம்பி, நீ பாக்குற வேலையும் இங்க செய்யப் போறாங்கன்னு சொல்றாங்களே அதுவும் ஒண்ணுதானா?"

நான் "இல்லப்பா, அது வேற, இது வேற"ன்னேன். படக்குன்னு சொல்லிட்டேன். அப்பா விடலை. "வேறன்னா எப்படி வேற? புரியுற மாதிரி சொல்லு."

பத்தாவது வரைக்கும் படிச்சவர் அவர். நான் டிப்ளமா. ஆனா அன்னிக்கு அவருக்குச் சொல்லப் போய்த்தான் எனக்கே என் வேலை ஒழுங்கா புரிஞ்சுதுன்னு நெனைக்கிறேன்.

சாதாரண எரிவாயுக் கிணறு எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை. கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால்னு ஓ.என்.ஜி.சி பல பத்து வருஷமா கிணறு போட்டு எடுத்துகிட்டு இருக்கு. ராத்திரி பஸ்ல வந்தா வயலுக்கு நடுவுல குழாய் உச்சியில நெருப்பு எரியறதைப் பார்த்திருப்பீங்க. அங்கெல்லாம் வாயு இருக்கறது மணற்பாறையில. மணற்பாறைக்குள்ள சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இருக்கும். குழாய் இறக்கினா வாயு அதுவா நகர்ந்து வந்துடும்.

ஷேல் அப்படி இல்லை. ஆதிகாலத்துல கடலடியிலயும் ஏரியடியிலயும் படிஞ்ச சேறு, மேல மேல பாரம் ஏறி இறுகிப் போன களிமண் பாறை அது. அந்தச் சேத்தோட சேர்ந்து புதைஞ்ச உயிர்ப்பொருள்தான் சூட்டுல வெந்து எண்ணெயாவும் வாயுவாவும் மாறியிருக்கு. வாயு உள்ளேயே இருக்கும், ஆனா வெளிய வர வழி இருக்காது. அவ்வளவு இறுக்கம். அதனால கிணத்தை நேரா ரெண்டு கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறக்கிட்டு, அப்புறம் மெல்ல வளைச்சு அந்த ஷேல் படுகைக்குள்ளேயே படுக்கைவாட்டுல இன்னும் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் கொண்டுபோவாங்க. இரும்புக் குழாய் இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவுல சிமெண்ட் அடைப்பாங்க. கடைசிப் பகுதியில சின்ன சின்ன வெடி வச்சு குழாயில ஓட்டை போடுவாங்க. அப்புறம்தான் எங்க ஆளுங்க வேலை.

லாரி மேல ஏத்தின பம்ப்பு பத்து பதினஞ்சை வரிசையா நிறுத்தி எல்லாத்தையும் ஒரே குழாயில சேர்ப்போம். கார் டயர்ல 30, 35 பி.எஸ்.ஐ காத்து அடிக்கிறோம் இல்லையா? அங்க 8,000, 10,000 பி.எஸ்.ஐ. பம்ப்பு ஓடும்போது தரை அதிர்றது பூட்ஸ் வழியா பல்லு வரைக்கும் வரும். அந்த நேரத்துல குழாய் பக்கத்துல ஒருத்தனும் நிக்கக் கூடாது. சின்னதா ஒரு ஒழுகல் இருந்தா ஆளையே அறுத்துடும். அந்த அழுத்தத்துல தண்ணி போய் பாறையில விரிசல் விடும். விரிசலோட அகலம் சில மில்லிமீட்டர்தான், ஆனா நீளம் நூறு மீட்டருக்கு மேலயும் போகும்.

இவ்வளவும் சொன்னதும் அப்பா கேட்டார், "பம்ப்பை நிறுத்தினா விரிசல் மூடிக்காதா?"

மூடிக்கும். அதுக்குத்தான் தண்ணியோட மணலையும் கலந்து அனுப்பறது. நான் அதைச் சொல்லறதுக்கு முன்னாடி அவரே சொல்லிட்டார். "சித்திரையில வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். அதுல மாடு மிதிச்சு மண்ணாங்கட்டி உள்ள விழுந்துச்சுன்னா அந்த வெடிப்பு மட்டும் மழை பேஞ்சாலும் சட்டுனு சேராது. அதான?"

அதேதான் அப்பா. ட்ரெயினிங்ல மூணு நாள் சிலைடு போட்டுக் காட்டினாங்க எனக்கு.

இந்த இடத்துல கொத்தவரங்காய் வருது. வெறும் தண்ணியில மணல் மிதக்காது, போற வழியிலேயே அடியில தங்கிடும். அதனால தண்ணியைக் கஞ்சி மாதிரி கெட்டியாக்கணும். அதுக்குப் போடற மாவுதான் குவார் பசை. குவார்னா வேற ஒண்ணும் இல்லைங்க, நம்ம வீட்டுல பருப்பு உசிலி பண்றோமே அதே கொத்தவரையோட விதை! உலகத்துக்கு வேண்டிய குவார்ல பெரும்பங்கு இந்தியாவுலதான் வெளையுது, அதுலயும் ராஜஸ்தான்லதான் அதிகம். அமெரிக்காக்காரன் ஊரெல்லாம் ஷேல் கிணறு போட ஆரம்பிச்சதும் ராஜஸ்தான்ல குவார் விலை தாறுமாறா ஏறிப்போச்சு. 2012 மார்ச்ல குவாருக்கு முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைக்கற அளவுக்குப் போச்சு. பாலைவனத்துல மானாவாரியா கொத்தவரை போட்ட விவசாயி அந்த வருஷம் டிராக்டர் வாங்கினான். ஓமன்ல எங்க யார்டுல குவார் மூட்டை மேல இந்திய விலாசம் பார்த்தப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னேன். "காய் வாங்கினா கிலோ இருபது ரூபா, இதைப் போயி பூமிக்குள்ள ஊத்துறாங்களா"ன்னாங்க :-)

கெட்டிப்படுத்தாம, வழவழப்பு மட்டும் கூட்டின தண்ணியை வேகமா அடிக்கிற முறையும் இருக்கு. டெக்சாஸ்ல பார்னெட் ஷேல்ல ஜார்ஜ் மிட்செல்னு ஒரு பெரியவரோட கம்பெனி பல வருஷம் நஷ்டத்துல முட்டி மோதி 1990-களோட கடைசியில அந்த வழியைப் பிடிச்சது. பாறை உடைக்கறதே 1940-கள்ல இருந்து இருக்கற சங்கதிதான். அதைப் படுக்கைவாட்டுக் கிணத்தோட சேர்த்தப்பதான் உலக எரிவாயு சந்தையே திரும்பிப் போச்சு.

சரி, அப்பாவோட அடுத்த கேள்வி எல்லாரும் கேட்கறதுதான். "எவ்வளவு தண்ணி?"

ஒரு ஷேல் கிணத்துக்கு ஒரு கோடியிலேர்ந்து ரெண்டு கோடி லிட்டர். பெரிய கிணறுன்னா அதுக்கும் மேல. கேட்டதும் மூச்சு முட்டுதில்ல? ஆனா திண்ணையிலேயே கணக்குப் போட்டோம். ஒரு போகம் நெல்லுக்கு சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணி வேணும்பாங்க. ஒரு ஏக்கருக்கு அது கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர். எங்களுக்கு இருக்கறது ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர். ஒரு சம்பாவுக்கு நாங்களே ஏறக்குறைய ஒண்ணரைக் கோடி லிட்டர் பாய்ச்சறோம்!

அப்பா ஒரு நிமிஷம் பேசலை. "அப்ப நம்மளும் அவனும் ஒண்ணுதானா?"

இல்லைன்னு தெரியும், ஆனா ஏன் இல்லைன்னு யோசிக்க வேண்டியிருந்துச்சு. நாம பாய்ச்சின தண்ணி பயிர்ல ஏறி ஆவியாகும், மிச்சம் மண்ணுக்குள்ள இறங்கும், வாய்க்கால்ல வடிஞ்சு அடுத்தவன் வயலுக்குப் போகும். அங்க அனுப்பின தண்ணியில ஒரு பங்கு அடியிலேயே தங்கிடும். திரும்பி மேல வர்றது வந்த மாதிரி வராது. பாறையில இருந்த உப்பையெல்லாம் கரைச்சுகிட்டு, சில இடத்துல கடல் தண்ணியை விட உப்பா வரும். அதோட நாங்க கலந்த மருந்து, சில பாறையில ரேடியம் வரைக்கும். தண்ணியும் மணலும்தான் 99 சதவீதம், மருந்து ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான்னு கம்பெனி நோட்டீசுல போடுவாங்க. உண்மைதான். ஆனா ரெண்டு கோடி லிட்டர்ல அரை சதவீதம்னா ஒரு லட்சம் லிட்டருங்க. அந்தத் தண்ணியை எங்க கொட்டறதுங்கறதுதான் இந்தத் தொழிலோட பெரிய தலைவலி. ஓக்லஹோமாவுல கழிவுத் தண்ணியை வேற ஆழக் கிணத்துல அழுத்தி அழுத்தி நிலநடுக்கமே வந்துச்சு. 2016 செப்டம்பர்ல பானின்னு ஒரு ஊர்ல வந்தது 5.8 ரிக்டர். ஓமன்ல எங்களுக்குப் பாலைவனம் இருந்துச்சு. பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குளத்துல விட்டு வெயில்ல காய வைப்போம். சுத்துவட்டாரத்துல ஒரு ஒட்டகம்கூட வராது. எங்க ஊர்ல பாமணி ஆத்துக்கும் கோரையாத்துக்கும் நடுவுல அந்தக் குளத்தை எங்க வெட்டறது? ஐப்பசி மழையில வயலே குளமாத்தான் கிடக்கும்.

இதுவரைக்கும் சொன்னது ஷேல். மன்னார்குடியில கொண்டுவர இருந்தது ஷேல் இல்லை. நெலக்கரிப் படுகை மீத்தேன். ரெண்டையும் அன்னிக்கு எல்லாருமே குழப்பிகிட்டாங்க. எங்க தெருப் பசங்க அமெரிக்காவுல குழாய்த் தண்ணியில நெருப்புப் பிடிக்கற வீடியோவை செல்போன்ல வச்சுகிட்டு "அண்ணே, நம்ம ஊரும் இப்படி ஆயிடும்ணே"ன்னு காட்டுவாங்க. எனக்குச் சிரிப்பு வரும். அது வேற முறைடான்னு சொல்ல வாய் வரும். சொல்ல மாட்டேன்.

நெய்வேலியில தோண்டறாங்களே பழுப்பு நெலக்கரி, அதோட சொந்தக்காரப் படுகை எங்க மன்னார்குடிக்கு அடியிலயும் இருக்கு. நம்ம நாட்டுப் பழுப்பு நெலக்கரியில ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டுலதான். எங்க பக்கத்துல அது சில நூறு மீட்டர் ஆழத்துல கிடக்கறதால நெய்வேலி மாதிரி சுரங்கம் வெட்டறது கஷ்டம். சரி, கரியை விட்டுட்டு அதுல ஒட்டிகிட்டு இருக்கற மீத்தேனை மட்டும் உறிஞ்சுவோம்னு திட்டம். நெலக்கரியோட துளை ஒவ்வொண்ணுலயும் மீத்தேன் ஒட்டிகிட்டு இருக்கும். அதை அங்க பிடிச்சு வச்சிருக்கறது மேல நிக்கற தண்ணியோட அழுத்தம். கோலி சோடாவுல குண்டைத் தள்ளினதும் அழுத்தம் குறைஞ்சு நுரை பொங்குது இல்ல, அந்தக் கதைதான். தண்ணியை எறைச்சு வெளிய விட்டா அழுத்தம் குறையும், வாயு கழண்டு வரும். தேவைப்பட்டா இதுலயும் பாறை உடைப்பாங்க, ஆனா முக்கியமான வேலை தண்ணி எறைக்கறது. ஷேலுக்கு உள்ள தள்ளறோம், இதுக்கு வெளிய எடுக்கறோம்.

இதைச் சொன்னப்பதான் அப்பா விசிறியைக் கீழ வச்சார். "எத்தனை நாளைக்கு எறைப்பான்?"

"மாசக்கணக்குல... சில கிணறு வருஷக்கணக்குல."

"எந்தத் தண்ணியை?"

பதில் சொல்ல எனக்கு நாக்கு வரலை. ஷேல் இருக்கறது கிலோமீட்டர் கணக்குல ஆழத்துல. அதுக்கும் நம்ம போர் தண்ணிக்கும் நடுவுல எத்தனையோ பாறை அடுக்கு இருக்கும். இங்க கதை வேற. கரி கிடக்கறதே சில நூறு மீட்டர்ல. தண்ணி தாங்கற மணல் அடுக்கெல்லாம் அதுக்கு மேலயும் பக்கத்துலயும். நெய்வேலியில சுரங்கத்துக்கு அடியில இருக்கற ஊத்து மேல பொங்கிடக் கூடாதுன்னு ராப்பகலா பம்ப்பு வச்சு எறைச்சுகிட்டே இருக்காங்க, பல பத்து வருஷமா. இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்க போர் 240 அடி. கிழக்கால கடல் ஒண்ணும் ரொம்ப தூரத்துல இல்லை. நல்ல தண்ணி மட்டம் இறங்கினா அந்த எடத்துக்கு உப்புத் தண்ணி வரும்னு எங்க அப்பாவுக்குப் புஸ்தகம் படிச்சுத் தெரிய வேண்டியதில்லை, முத்துப்பேட்டையில என் அத்தை வீடு இருக்கு.

ஆக, பசங்க காட்டின வீடியோ தப்பு. பசங்களோட பயம் தப்பு இல்லை.

திட்டத்தோட கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 2010 ஜூலையில மத்திய அரசு, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்கள்ல 691 சதுர கிலோமீட்டருக்கு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷனோட ஒப்பந்தம் போட்டுச்சு. வங்காளத்துல ராணிகஞ்ச் பக்கம் ஏற்கெனவே இந்த மீத்தேனை எடுத்து வித்துகிட்டு இருந்த கம்பெனி அது. 2011 ஜனவரியில மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுச்சு. எங்க ஊர்க்காரங்களுக்கு விஷயம் ஒழுங்கா தெரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. 2013 ஜூலையில அன்னிய முதல்வர் ஜெயலலிதா திட்டத்தை நிறுத்தி வச்சு நிபுணர் குழு போட்டார். நம்மாழ்வார் அந்த வருஷம் கிராமம் கிராமமா அலைஞ்சார். டிசம்பர் 30-ம் தேதி பட்டுக்கோட்டை பக்கத்துல, அதே வேலையா வந்த எடத்துல காலமானார். 2015 அக்டோபர்ல இந்தத் திட்டத்துக்கு அனுமதி இல்லைன்னு மாநில அரசு முடிவெடுத்துச்சு.

நடுவுல, 2013 ஆகஸ்ட்ல, எங்க கிராமத்துல ஒரு கூட்டம். கோயில் எதிர்ல பந்தல் போட்டு, மைக் செட் வச்சு. பக்கத்து வீட்டு மாமா வந்து கூப்பிட்டார். "மாப்ள, நீ அந்தத் தொழில்லயே இருக்கறவன். நீ ரெண்டு வார்த்தை சொன்னா ஜனங்க நம்புவாங்க. வந்து பேசு." எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. பேப்பர்ல போட்டோ வந்தா? கம்பெனிக்குத் தெரிஞ்சா? அந்த வருஷம்தான் தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு கடன் பாக்கி. எங்க போர், மோட்டாரு, மோட்டார் கொட்டகை மேல போட்ட தகரம் எல்லாமே ஓமன் காசு. "காய்ச்சலா இருக்கு மாமா"ன்னேன். மாமா என் நெத்தியைத் தொட்டுப் பார்க்கலை. தலையாட்டிட்டுப் போயிட்டார்.

அப்பா போனார். நான் மாடியில படுத்துகிட்டு ஸ்பீக்கர்ல கேட்டுகிட்டு இருந்தேன். யார் யாரோ பேசினாங்க, பாதி தப்புத் தப்பா. அப்புறம் திடீர்னு எங்க அப்பா குரல். அவர் மைக் பிடிச்சதே கிடையாது. கோலி சோடா உதாரணத்தைச் சொன்னார். மாடு மிதிச்ச வெடிப்பைச் சொன்னார். "ஷேலுன்னா உள்ள தள்ளறது, நம்ம ஊருக்கு வர்றது வெளிய எறைக்கறது, ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க"ன்னார். யார் சொல்லிக் கொடுத்தான்னு சொல்லவே இல்லை. "எங்கேயோ கேட்டேன்"னு முடிச்சுட்டார்.

வீட்டுக்கு வந்து என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "காய்ச்சல் எப்படி இருக்கு?"ன்னார். அவ்வளவுதான்.

அதுக்கு அப்புறம் மனசாட்சி உறுத்தி நான் வேலையை விட்டேன்னு எழுதினா பதிவு நல்லா இருக்கும். அப்படி நடக்கலை. 2014-ல நூறு டாலருக்கு மேல இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில முப்பதுக்குக் கீழ போச்சு. எங்க குரூப்புல பாதி பேரை அனுப்பிட்டாங்க. நானும் ஒருத்தன். இப்ப திருச்சியில ஒரு பட்டறையில டீசல் பம்ப்பு சரி பண்ணிகிட்டு இருக்கேன். சம்பளம் மூணுல ஒரு பங்கு, ஆனா வாரா வாரம் ஊருக்குப் போறேன்.

இதோட ஷேல் கதை முடிஞ்சுதான்னா, இல்லை. 2013 அக்டோபர்ல வந்த ஷேல் கொள்கைப்படி ஓ.என்.ஜி.சி தேடிப் பார்க்க எடுத்த 50 பகுதிகள்ல 9 காவிரிப் படுகையில. பெருசா ஒண்ணும் அமையலை, இன்னும் இந்தியாவுல ஷேல் வாயு வணிக அளவுல எங்கயும் வரலை. 2017-ல நெடுவாசல், அதே வருஷம் ஜூன் 30-ல கதிராமங்கலத்துல எண்ணெய்க் குழாய் ஒடைஞ்சு வயல்ல எண்ணெய். 2020 பிப்ரவரியில பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு. நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ரெண்டையும் பேர் சொல்லியே அதுல தடை பண்ணியிருக்காங்க. ஏற்கெனவே ஓடற கிணறுகளை அது தொடலை. 2023-ல பார்த்தா, மத்திய அரசோட நெலக்கரி ஏலப் பட்டியல்ல எங்க பக்கத்து வடசேரி பேரு! நாலு நாள் களேபரத்துக்கு அப்புறம் ஏப்ரல் 8-ம் தேதி நீக்கிட்டாங்க. அன்னிக்கு அப்பா போன் பண்ணி, "இது தண்ணி எறைக்கறதா, உள்ள தள்ளறதா?"ன்னு கேட்டார். "இது நேரா தோண்டறதுப்பா"ன்னேன். "ஓ"ன்னார்.

மோட்டார் கொட்டகை உள்சுவர்ல அவர் கரிக்கட்டையால எழுதி வச்சிருக்கறதை நான் ரொம்ப வருஷம் கவனிக்கவே இல்லை. பழைய அடிபம்பு குழாய் ஒண்ணு சும்மா கிடக்கு. சணல் கயித்துல ஒரு போல்ட்டைக் கட்டி அதுல இறக்கி, ஒவ்வொரு வருஷமும் சித்திரை பொறந்த அடுத்த நாள் தண்ணி மட்டம் பார்த்து எழுதறார். முதல் வரி 2014, 31 அடி. 2016-ல பருவமழை பொய்ச்சு, 2017 சித்திரையில 58 அடி. மீத்தேனே எடுக்காம 58! அதுக்கு நாமளேதான் பொறுப்பு, ஆளாளுக்கு போர் போட்டு எறைக்கறோம். அதை அவரும் ஒத்துக்கறார். 2022-ல 24 அடி. எந்தக் கணக்குக்கு இதுன்னு கேட்டேன். "நாளைக்கு எவனாவது வந்து, தண்ணி முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னான்னா?"ன்னார்.

போன சித்திரைக்குப் போனப்ப அவருக்குக் கை நடுக்கம். என்னை எழுதச் சொன்னார். 27 அடி. என் கையெழுத்து அவர் கையெழுத்துக்குப் பக்கத்துல அசிங்கமா இருந்துச்சு, "எண்ணைக் கொஞ்சம் பெருசா போடு"ன்னார். அடுத்த தடவை போனா படம் எடுத்துப் போடறேன். கேமராவுல உள்சுவர் இருட்டா விழுது.